ஆளேற்றிப் பார்த்த அலைன்மெண்ட்

தீபாவளி கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை. மலையூரான தானா ராத்தாவில் நான் கார்ச் சக்கரங்களுக்கு அலைன்மெண்ட் பார்க்கும் பட்டறைக்கு வந்த குமரன், காரைவிட்டு இறங்கியதும் முன்சக்கரத்தைக் காட்டினான். டயரின் உள்பக்க விளிம்பில் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. வெளிப்பக்கம் புதிதுபோலவே இருந்தது.

“ஆகஸ்டு கடைசியில, மெர்டேக்கா சுதந்திர தின லீவுல மாத்துன டயருண்ணே! அன்னைக்கே நீங்கதான் அலைன்மெண்ட் பாத்தீங்க. மெஷின்ல எல்லாம் பச்சைன்னு சொன்னீங்களே லா!”

குமரன் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் டிரையரை ஓட்டுபவன். குட்டை ஸ்பிரிங் போட்டுத் தன் காரைத் தாழ்த்தியிருந்தான். வேலை முடிந்ததும் அங்கே வேலை செய்யும் நான்கு பெண்களை எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு அதில் ஏற்றிச் செல்வான். அவர்களில் ஒருவர் அவனுடைய மாமியார் பாக்கியம் அக்கா. முந்தின நாள் மழையில் ஒரு வளைவில் கார் வழுக்கியிருக்கிறது. காரைப் பழையபடி உயர்த்தாவிட்டால் இனி யாரும் ஏற மாட்டோம் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

முதலாளி காதர் பாய் என்னைப் பார்த்தார். “பழைய ஸ்பிரிங்கயே மாட்டி அனுப்பிருங்க. மலை ரோடு. ஆளுங்க உசிரு.”

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் நான் பார்த்த அலைன்மெண்ட் சரியில்லை என்று அதுவரை ஒரு காரும் திரும்பி வந்ததில்லை. “ஒரு நாள் குடுங்க பாய்” என்றேன்.

குழிமேல் காரை நிறுத்தி மறுபடி அளந்தேன். திரையில் அதே பச்சை, எல்லாம் அளவுக்குள். கார் தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அதுதான் கேம்பர். அது டயரின் உள்விளிம்பைத் தேய்க்கும். ஆனால் இத்தனை வேகமாகத் தேய்க்காது. அப்படித் தேய்ப்பது டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் விரிந்து நிற்கும் அளவு. திரையிலோ டோ சரியாக இருந்தது. அப்போதுதான் காருக்குள்ளே பார்த்தேன். நான்கு பேரின் செருப்பிலும் ஒட்டி வந்த தேயிலைத் தூள் இருக்கைகளின் அடியெல்லாம் கிடந்தது.

“நாளைக்கு ஷிப்டு முடிஞ்சதும் அவங்களையும் கூட்டிக்கிட்டு நேரா இங்க வாங்க. பாத்து மெதுவா ஓட்டுங்க. இன்னைக்கே முன் டயரு ரெண்டையும் மாத்திருவோம்.”

மறுநாள், புது டயரைப் பார்த்த பிறகே காரில் ஏறிய நால்வரும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்கள்.

“அலைன்மெண்ட் காருக்கா, எங்களுக்கா தம்பி?” என்றார் பாக்கியம் அக்கா.

“ஏறி உக்காருங்கக்கா. அசையாம இருந்தா போதும்.”

அவர் முன்னால் உட்கார்ந்தார். குமரனும் மற்ற மூவரும் ஏறிக் கதவைச் சாத்தியதும் திரையில் டோ சிவப்பானது.

“பாக்கியம் ஏறுனதும் சிவப்பாயிருச்சு பாரு!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீ மட்டும் என்ன பஞ்சு மூட்டையா?”

காதர் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தார். தாழ்த்திய காரில், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட் ஏற்கெனவே சாய்ந்து நிற்கும். ஆள் ஏறி இன்னும் அமுங்கினால் டோ சட்டென்று விரியும். வெறும் காரில் நாங்கள் பார்த்த பச்சை, பட்டறைக்குள் மட்டும் செல்லுபடியான பச்சை.

கேம்பர் போல்ட் மாட்டி முதலில் சாய்வைக் குறைத்தேன். பிறகு, ஆள் இருந்தாலும் இறங்கினாலும் அளவுக்குள் நிற்கும்படி டோவை வைத்தேன். அவர்களை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்ததில் கடைசியாக ஒருவர், “கொழுந்து கூடை தூக்குனது தேவலை” என்றார். அன்றே அதே காரில்தான் நால்வரும் வீடு திரும்பினார்கள்.

தைப்பூசத்துக்கு மறுநாள் குமரன் வந்தான். மெர்டேக்காவில் மாட்டிய டயர் தேய்ந்துபோக எடுத்துக்கொண்ட காலம் புது டயருக்கும் ஏறக்குறைய ஆகியிருந்தது. புதிய டயரை உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை தடவினேன். கையில் மேடும் தட்டவில்லை, பள்ளமும் தட்டவில்லை.

பாக்கியம் அக்கா கண்ணாடியை இறக்கி, “எறங்கணுமா தம்பி?” என்றார்.

“வேணாங்கக்கா. நீங்க இருந்தாத்தான் அளவு சரியா வரும்.”

எந்த எடையோடு ஒரு கார் ஓடுகிறதோ, அந்த எடையோடுதான் அதை அளக்க வேண்டும். இப்போது தாழ்த்திய கார் வந்தால், சாவியை வாங்குமுன் காதர் பாயே கேட்டுவிடுகிறார்: “வீட்டாளுங்க எங்க?”