குறுக்கே அறுத்த கறி

ஆனிமேரியை மூன்று முறை வாடகை வீட்டைக் காலி செய்ய வைத்தது மாட்டுக்கறிதான். ஆரப்பாளையத்தில் ஒரு தடவை, கே.கே. நகரில் இரண்டு தடவை. ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி, குக்கர் விசில் கேட்காமலிருக்க டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் சமைப்பாள். அப்படியும் வீட்டுக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் கிளார்க், கணவர் ராயப்பன் டிரில் மாஸ்டர். லோன் போட்டுச் சொந்த வீடு கட்டிக் குடிபோன அன்று அடுப்படி ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, இனி இந்த வீட்டில் எதையும் மூடி மறைக்க மாட்டேன் என்றாள். நான் அதே பள்ளியில் நூலகம் பார்க்கிறவள். அவள் வீம்பைப் பதினெட்டு வருடமாக அருகில் இருந்து சகித்தவள்.

அந்த வீம்பு அவள் மகன் ஜெய்சனின் கல்யாணத்தில் வந்து முட்டியது. கூட வேலை பார்க்கும் தமிழ்வாணியை அவனுக்குப் பிடித்திருந்தது. அவனியாபுரம் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா பால்பாண்டியும் அம்மா ராமக்காளும் ஒரு காலத்தில் கூலிக்குப் போன வயலையே விலைக்கு வாங்கிப் பயிர் வைத்தவர்கள். வேதக்கார வீட்டில் பெண் கொடுப்பதா என்று ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டைப் பார்க்க வருகிறோம், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

ஜெய்சன் அம்மாவிடம் கெஞ்சினான். மாட்டுக்கறி என்ற பேச்சை எடுத்தாலே தமிழ்வாணியின் அப்பா இலையை விட்டு எழுந்துவிடுவாராம், கோழி மட்டும் போதும் என்றான். கோழியும் வைப்பேன், மாட்டுக்கறி ரோஸ்ட்டும் வைப்பேன், எது என்னவென்று சொல்லியே வைப்பேன், ஒளித்து வைத்துக் கட்டுகிற சம்பந்தம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டாள் ஆனிமேரி. அவள் சொன்னது நியாயம்தான். அதற்கு அவள் பார்த்த நாள்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொழுப்பு ஒட்டிய தொடைக்கறி, இரண்டு கிலோ, ஒரே துண்டு. முந்தின நாளே மிளகும் பூண்டும் வினிகரும் புரட்டி வைத்துவிட்டாள். காலைப் பூசை முடிந்து என்னையும் ஒத்தாசைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, எலும்பு வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, மூடியை மாவு வைத்து ஒட்டி, சிம்மில் விட்டாள். பதினொன்றரைக்கு இறக்கி அரைமணி நேரம் தொடாமல் விடவேண்டும். சாறு கறிக்குள் அடங்கிய பிறகு அறுத்தால்தான் ஈரம் நிற்கும். பன்னிரண்டுக்கு இலை போடுவது என்பது அவள் கணக்கு.

பதினொன்றரை தாண்டியும் அவனியாபுரத்திலிருந்து கிளம்பிவிட்டதாக ஒரு தகவலும் இல்லை. தமிழ்வாணியின் போன் அணைந்திருந்தது. இறக்கினால் ஆறிப்போகுமே என்று ஆனிமேரி சட்டியை அடுப்பிலேயே விட்டாள். பன்னிரண்டரைக்கு ராயப்பன் கேட்டுக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தார். ஒரு மணிக்கு ஜெய்சன் அடுப்படிக்கு வந்தான்.

"யாரோ சொல்லிட்டாங்கம்மா. இனி வர மாட்டாங்க."

அப்போதும் அவள் அடுப்பை அணைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பால்பாண்டி சாவகாசமாக இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டோம் என்றார். அதுவரை மனைவி, மகளோடு மூன்று பேரும் ஊர்க் கோயிலில் உட்கார்ந்திருந்தார்களாம். எங்கள் வீட்டுக் காலண்டர்களில் புனிதர்களின் திருநாள் இருக்கும், எமகண்டம் இருக்காது.

அடுப்படியில் மூடியைப் பெயர்த்தபோது சாறு சுண்டி அடியில் கருகியிருந்தது. ஆனிமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறவிடாமல் சூட்டோடு கத்தியை வைத்துவிட்டாள். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். கயிற்றைக் கடித்த மாதிரி இருந்தது. எதிரிக்குக்கூட இப்படி ஒரு கறியை வைக்க மாட்டார்கள்.

"கோழிய மட்டும் வச்சிருவோம்" என்றாள். அவள் இறங்கிவந்து நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ராமக்காள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். சொம்பை வாங்கிக்கொண்டே கறி கிடந்த பலகையைப் பார்த்தாள்.

"என்ன கறி?"

ஆட்டுக்கறி என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. ஆனிமேரி முந்திக்கொண்டாள்.

"மாட்டுக்கறி. எங்க வீட்ல நல்ல நாளுக்கு இதான் செய்வோம். ஒங்களுக்குக் கோழி தனியா இருக்கு."

ராமக்காள் திரும்பிப் போய் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவள், கத்தியைக் கையில் எடுத்தாள்.

"நாரு போற போக்குலயே அறுத்திருக்கீக. மிச்சத்தக் குறுக்க அறுப்போம், மெல்லிசா. எலும்புத் தண்ணி கெடக்கா?"

கிடந்தது. அதைக் கொழுப்போடு சூடாக்கச் சொன்னாள், கொதிக்க விட்டால் கறி இன்னும் இறுகும் என்றாள். அறுத்த துண்டுகளை அதில் முக்கி, மூடி, அடுப்பை அணைத்தாள். பத்து நிமிடம். ஹாலில் பேச்சு நின்றுபோயிருந்தது. தாழ்ந்த குரலில் ராமக்காள் சொன்னாள். அவளும் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தவள்தானாம். வயல் வாங்கிய பிறகு, நாலு பேர் வந்துபோகிற வீடு என்று கணவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பதினோரு வருடமாகிறது, மகளுக்கே சரியாக ஞாபகமில்லை.

ஆனிமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு வைக்க வேண்டாம், நாம் இங்கேயே சாப்பிட்டுக்கொள்வோம் என்றாள். மூடி மறைக்க மாட்டேன் என்று சபதம் போட்டவள் சொன்ன வார்த்தை இது.

ராமக்காள் கேட்டுக்கொண்டாள். ஆனால் கறியைத் தட்டில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ராமக்காள் தன் கணவரின் இலையில், கோழிக்குப் பக்கத்தில், இரண்டு துண்டு வைத்தாள்.

"என்ன கறி இது?" என்றார் பால்பாண்டி.

"ஒங்களுக்குத் தெரியாத கறியா? சாப்பிடுங்க."

ஜெய்சன் முகத்தில் ஈ ஆடவில்லை. ராயப்பன் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தார். பால்பாண்டி மனைவியை நிமிர்ந்து பார்த்தார், திறந்து கிடந்த அடுப்படிக் கதவைப் பார்த்தார். இடது கையை முழங்காலில் ஊன்றினார், எழப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். அடுத்ததையும் எடுத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

கை கழுவிவிட்டு வந்து துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டே ஆனிமேரியிடம் சொன்னார்.

"தூக்குச்சட்டி இருந்தா மிச்சத்தப் போட்டுக் குடுங்க, சம்பந்தி."

தூக்குச்சட்டியைத் தேடி அடுப்படிக்குள் போன ஆனிமேரி வெகுநேரம் வெளியே வரவில்லை. அது அலமாரியில் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.