கட்டிலும் கையுமாக

காரியம் ஆக வேண்டுமென்றால்தான் ஊரில் அடுத்தவர் காலைப் பிடிப்பார்கள். எனக்குக் காலைப் பிடிப்பதே காரியம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கபடிக் குழுவுக்கு நான் பிசியோதெரபிஸ்ட். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி, சனி ஞாயிறு ஏதாவது ஓர் ஊரில் போட்டி. மிச்ச நேரத்தில் துணி துவைக்க வேண்டும், அம்மாவிடம் போனில் "சாப்பிட்டேன்" என்று பொய் சொல்ல வேண்டும். புது ஊரில் வேலைக்குச் சேர்ந்து, ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வெட்கப்பட்டு நடந்தே வீடு வந்த சகபாவிகளே, இது உங்களுக்குப் புரியும்.

சேர்ந்த அன்று

எங்கள் கோச் ஸ்டெல்லா மேடம், பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ரகசியம் பேசுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாரு ஆடலாம், யாரு ஆடக்கூடாதுன்னு நீதான் சொல்லணும். நீ வேணாம்னா வேணாம்தான். ஆனா எனக்குக் கேக்குற மாதிரி சொல்லணும். மூணு மாசம் பாப்பேன். வாயே தொறக்கலைன்னா ஊருக்கு பஸ் ஏறிக்க."

கல்லூரியில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கவே எனக்குப் பக்கத்துப் பெண் தேவைப்பட்டாள். இருந்த தைரியத்தை எல்லாம் திரட்டி, "சரிங்க மேடம், கண்டிப்பா சொல்றேன்" என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். "ஏம்மா, ஏதாச்சும் சொன்னியா?"

பழனி பஸ்

அடிபட்டவர்களைப் படுக்க வைத்துப் பார்க்க என்னிடம் ஒரு கட்டில் உண்டு. மடித்தால் பெரிய சூட்கேஸ் மாதிரி இருக்கும். தூக்கினால் கிடாக் கனம். பழனியில் போட்டி என்று பஸ் ஏறினோம். பாதிப் பஸ் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள், பாதி எங்கள் பெண்கள். "அதுக்குள்ள என்ன ஆத்தா?" என்றார் ஒரு பெரியவர். "கட்டிலுங்க" என்றேன். அந்தப் பதில் வாய் மாறிக் கடைசி சீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேண்டுதலாகிவிட்டது. பிழைக்க மாட்டார் என்ற யாரோ எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், படுத்திருந்த கட்டிலை மலைக்குக் கொண்டு போகிறேனாம். ஓர் அம்மா கட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்டக்டர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "காவடி பாத்துருக்கேன், பாதயாத்திரை பாத்துருக்கேன், கட்டில் யாத்திரை இப்பத்தான் பாக்குறேன். செத்தத் தள்ளி வையிம்மா, எறங்குறவுக எறங்கட்டும்."

ஐஸ்

வீக்கத்துக்கு ஐஸ் வேண்டும். நாகல் நகரில் நான் குடியிருக்கும் மாடியின் வீட்டுக்காரம்மா ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தார். பிறகு மாவு வைக்க இடமில்லை என்றார். மீன் கடைக்குப் போனேன். "எந்த மீனுக்கும்மா?" என்றார் கடைக்காரர். முட்டிக்கு என்றேன். சிரிக்காமல் உடைத்துக் கொடுத்தார்.

ஐஸ் நல்ல ஐஸ்தான். ஆனால் மறுநாள் போட்டியில் எங்கள் பெண்கள் ஏழு பேரும் மீனாக மணந்தார்கள். எதிராளி பக்கம் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவதில் எங்களுக்குப் பேச்சிதான் நம்பர் ஒன். அன்று அவள் பிடிபடவே இல்லை. வியர்வை வழிய வந்து என்னிடம் சொன்னாள்: "மிஸ், என் காலப் புடிச்சவ அதை விட்டுட்டு மூக்கப் புடிச்சுக்கிட்டா. இதுல ரெண்டு பாயிண்டு உங்க மீனுக்கு."

விடுமுறை

போட்டி இல்லாத ஞாயிறு ஒன்று வாய்த்தது. வாளியில் துணியை ஊறப்போட்டேன். வீட்டுக்காரம்மா முட்டியோடு மேலே வந்தார். பின்னாலேயே அவர் தங்கை தோளோடும், எதிர்வீட்டுக்காரர் இடுப்போடும் வந்தார்கள். மாடிப்படி முழுக்க வலி. காலை நீட்டுங்கள், பத்து எண்ணுங்கள், மடக்குங்கள் என்று மத்தியானம் வரை சொல்லிக்கொடுத்தேன். வாளியில் சிவப்புச் சுடிதார் மற்ற எல்லாவற்றையும் தன் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. பத்து எண்ணி முடித்த வீட்டுக்காரம்மா ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தார். "ஊசி போடத் தெரியாதா? அப்ப நாலரை வருசம் என்னத்தத்தான் படிச்ச?"

ஸ்ப்ரே

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆட்டத்தின் நடுவே ஒரு பெண்ணின் கணுக்காலுக்கு வலி ஸ்ப்ரே அடித்தேன். "ஏனுங்க அம்மணி, அந்தப் புகைய என்ற இடுப்புக்கும் கொஞ்சம் அடிச்சு உடுங்க" என்று வேலியோரம் நின்ற ஒருவர் சட்டையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. நடுவர் விசிலை ஊதிக்கொண்டு வேகமாக வந்தார். "ஆட்டத்த நிறுத்திப்போட்டு என்னங்க வரிசை? தள்ளுங்க, மொதல்ல என்ற தோளுக்கு."

அகரம்

இறுதிப் போட்டி அகரத்தில். பேச்சியின் சொந்த ஊர். ஊர் முகப்பில் அவளுக்கு அவளைவிடப் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். என் மூன்று மாதம் முடிய நாலு நாள் இருந்தது. போட்டிக்கு மூன்று நாள் முன்னால் பயிற்சியில் பேச்சி முட்டி மடங்கி விழுந்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். முட்டிக்குக் கீழ் எலும்பு வரக்கூடாத அளவுக்கு முன்னால் வந்தது. ஜவ்வு கிழிந்திருக்க வேண்டும். அதோடு ஆடினால் மிச்சமும் அறும். அப்புறம் அவளுக்குக் கபடியே இல்லை. "மேடம்கிட்ட சொல்லிறாதீங்க மிஸ்" என்றாள்.

நான் சொல்லத்தான் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னதை ஹாரன் கொண்டு போயிற்று. மைதானத்தில் சொன்னபோது மேடம் போனில் இருந்தார். தலையாட்டியது எனக்கா, போனுக்கா தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் விளக்கமாக எழுதினேன். மேடம் எதையும் படிக்க மாட்டார், காலை வணக்கம் மட்டும் அனுப்புவார். பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ வந்தது.

போட்டியன்று மேளம் காதைப் பிளந்தது. பேச்சி ஜெர்சியோடு வந்து கட்டிலில் ஏறிக் காலை நீட்டி, முட்டியை இறுக்கிக் கட்டச் சொன்னாள். எனக்கு வாய்தான் வராது, கை வரும். சுற்ற ஆரம்பித்தேன்.

"மிஸ், ரெண்டு காலையும் சேத்துச் சுத்துறீங்க."

நான் நிறுத்தவில்லை. மூன்று சுருள் பேண்டேஜ் தீர்ந்தது. அவள் போட்ட கூச்சலில் மேடம் ஓடி வந்தார். "ஏம்மா, இவள எதுக்குக் கருவாட்டுக் கட்டு மாதிரி கட்டி வச்சிருக்க?"

"ஆடக்கூடாது மேடம்."

"கேக்கல."

"ஆடக்கூடாது."

"மேளத்துல ஒண்ணும் கேக்கலம்மா!"

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு! அவ ஆடக்கூடாது!"

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மேடம் என்னை ஒரு தரம் பார்த்தார். பேச்சியின் முகத்தைப் பார்க்காமல் மாற்று ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு பாயிண்டில் தோற்றோம். எல்லோருக்கும் டீ வந்தது, என்னைத் தவிர. மேடம் என்னைத் தாண்டிப் போகும்போது, "திங்கக்கிழம ஆறு மணிக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னார். வேலை இருக்கிறது என்று அர்த்தம். பேச்சி கட்டை அவிழ்த்து என் மேல் எறிந்துவிட்டு, லேசாக நொண்டியபடி அழுதுகொண்டே பூந்தோட்ட வரப்பில் வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா என் அருகில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று அவசரமாகக் கட்டிலை மடித்தேன். அவர் மகள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழட்டும் விடு ஆத்தா. நடந்து போயில்ல அழுகுறா."

காலைப் பிடித்துப் பிழைக்கிறவள் ஒரு நாள் காலைக் கட்டிப் போட்டால் வேலை நிலைக்கும், டீதான் கிடைக்காது.