அலுமாரிக்குள் பூட்டிய கம்பியூட்டர்

யாழ்ப்பாணத்துச் சிவமணி, கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் தேயிலை பெக்கட் செய்யும் ஒரு கம்பனியில் கம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்தது 2008இல். போர் உச்சத்தில் இருந்த அந்த வருடம் கண்டியில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரர் தும்மினாலும் ஏன் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் அவளுடைய கம்பியூட்டர் தினமும் பதினொரு மணிக்குத் தானாக அணையத் தொடங்கியது.

மனேஜர் சுந்தரலிங்கம் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்த தமிழர். அதனாலேயே அவருக்குப் பயம் அதிகம். அவளை வேலைக்கு எடுத்தவர் அவர். ஏதும் நடந்தால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள். அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் மெஷின் ஒழுங்காக ஓடும். அவள் வேலை செய்தால் நின்றுவிடும். அவள்தான் நாசவேலை செய்கிறாள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் அந்த மனிதருக்கு? திரையையும் கீபோர்டையும் மேசையில் விட்டு, மெஷினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அது பத்து மணிக்கே நின்றது. தன்னை விரட்டத்தான் இவர் உள்ளே ஏதோ செய்கிறார் என்று சிவமணியும் சந்தேகப்பட்டாள்.

"இன்னொரு தடவ நின்னா பொலிசுக்குச் சொல்றதத் தவிர எனக்கு வழியில்ல," என்றார் அவர், திங்கட்கிழமை. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண் விசாரணைக்குப் போய் இரண்டு மாதம், இன்னும் திரும்பவில்லை.

செவ்வாயன்றும் நின்றது. புதன்கிழமை அலுமாரிக் கதவில் தற்செயலாக அவள் கை பட்டது. சுட்டது.

"சேர், நான் தொடமாட்டன். நீங்களே திறந்து பாருங்கோ."

அவர் திறந்தார். உள்ளிருந்து அனல் அடித்தது. அலவத்துகொடையிலிருந்து மெஷின் திருத்தும் ஹாஷிமைக் கூப்பிட்டார். ஹாஷிம் மூடியைக் கழற்றினார். காற்றாடி முழுக்கத் தேயிலைத் தூள்.

"சூடு கூடினா இது தானா நின்டுடும், சேர். பத்து நிமிசத்துல அவ்வளவு சூடாகாது. தூள் அடச்சி ஈக்கி. அது போதாதுண்டு நீங்க அலுமாரில வேற பூட்டி வெச்சீக்கிறீங்க."

தூளைத் தட்டி, மெஷினை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பதினொரு மணி தாண்டியது, பன்னிரண்டும் தாண்டியது. சுந்தரலிங்கம் முதல் தடவையாக அவளுக்குத் தேநீர் வரவழைத்தார். அவளுக்கு அதைக் குடிக்க மனம் வரவில்லை, ஆத்திரமாக இருந்தது.

"அப்ப பொலிசுக்கு ஒண்டும் சொல்லமாட்டியள்தானே, சேர்?"

அவர் தரையைப் பார்த்தார். "நேத்தே சொல்லிட்டேம்மா."

மூன்று மணிக்குக் கேட்டருகே ஜீப் வந்து நின்றது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.