ஏழாவது பேப்பர்

போன வாரம் அக்கா மகள் மதி எங்கள் லம்பா லைன் வீட்டுச் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியில் அடுத்த செமஸ்டருக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒன்றைச் சேர்க்கப் போனபோது திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. "கிரெடிட் லிமிட் தாண்டிருச்சாம் சித்தி" என்றாள். கடல்வாழ் உயிர்களைப் பற்றிய பாடம் அது. ஒரு வருடமாக அதன்மேல் அவளுக்கு ஆசை. அடுத்த நொடியே இரண்டு தட்டுத் தட்டி அதை நீக்கிவிட்டு, அப்பளம் பொரித்தாயிற்றா என்று கேட்டாள்.

தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. அந்தச் சத்தம் ஓயும்வரை எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை. அந்த இடைவெளியில் எண்ணெயில் கறிவேப்பிலையைப் போட்டேன் பாருங்கள், அவ்வளவுதான். கை கரண்டியில் இருந்தது, மனசு ஹேடோ ஜெட்டிக்குப் போய்விட்டது. ஜெட்டி என்றால் மெயின்லேண்டில் இருந்து எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களுக்கு அது கப்பல் வந்து நிற்கும் இடம்.

நாங்கள் பி.காம் படித்த காலத்தில் கல்லூரி அட்டவணை ஆபீஸ் வராந்தாவில் ஒரு கரும்பலகையில் இருக்கும். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் அதை எழுதும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி திரிந்தேன். பலகைக்குப் பக்கத்திலேயே, செய்தித்தாளில் இருந்து வெட்டிய கப்பல் வரும் நாட்களும் ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வகுப்பு உண்டா இல்லையா என்பது தெரியும். சென்னைக் கப்பல் சங்கு ஊதிவிட்டால் பாதி வாத்தியார்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். யாருக்காவது மாமியார் வருவார், யாருக்காவது முருங்கைக்காய் வரும். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

இப்போது செல்வியைச் சொல்ல வேண்டும். லாங் ஐலண்டு என்ற பக்கத்துத் தீவுப் பெண், அப்பா காட்டிலாகாவில் வேலை, வீட்டில் திருநெல்வேலித் தமிழ். இரண்டாம் வருடம் லீவுக்கு ஊருக்குப் போனவள் கடல் கொந்தளித்து போட் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பரீட்சை அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. மூன்றாம் வருடத்தில் அதையும் சேர்த்து எடுத்தால் ஏழு பேப்பர். ஆறுக்கு மேல் கூடாது என்பது விதி. போதாக்குறைக்கு, ஜூனியர்களின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நேரமும் எங்கள் ஆடிட்டிங் நேரமும் ஒன்று.

"ஏட்டி, எங்கப்பா மூணு வருசம்னு சொல்லித்தான் அனுப்பிருக்காவ. அடுத்த வருசம் தம்பி வரணும். ரெண்டு பேரைச் சேத்து டவுன்ல வைக்க முடியாது" என்றாள். இந்த வருடம் முடிக்காவிட்டால் டிகிரி இல்லாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அழாமல் சொன்னாள். அவளைக் கூட்டிக்கொண்டு பிரின்ஸிபாலிடம் போனோம்.

பிரின்ஸிபால் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "ஆறுன்னா ஆறுதாம்மா. ஏழாவது வேணும்னா ஒண்ணோட ஒண்ணு மோதாத டைம்டேபிளைக் காட்டு, பாடம் எடுக்க ஒரு வாத்தியாரையும் காட்டு. அப்புறம் யோசிக்கிறேன்" என்றார். அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் ஜமால் எங்கள் வகுப்பு. வெளியே வந்ததும், "யோசிக்கிறேன்னாலே பாதி யாவாரம் முடிஞ்ச மாதிரி" என்றான்.

உடனே நான் சாக்பீஸை எடுத்தேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸைச் செவ்வாய்க்கு நகர்த்தினால் அங்கே இந்தி உட்கார்ந்திருந்தது. இந்தியைத் திங்களுக்குத் தள்ளினால், இந்தி மேடம் சனி ஞாயிறு பாராடாங் போய் வருகிறவர். திங்கள் காலை ஃபெர்ரி தாண்டி, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் காட்டைக் கடந்து அவர் வந்து சேரும்போது நாங்கள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருப்போம். வெள்ளி மதியம் ஜும்மா, ஜமால் உதைப்பான். வியாழன் மதியம் அக்கவுண்ட்ஸுக்குக் கேட்டால், "சாப்பிட்டப்புறம் கிளாஸ் எடுத்தா எனக்கே தூக்கம் வருமே" என்றார் அந்த சார். ஒன்றை நகர்த்த இன்னொன்று இடிக்க, அழித்து அழித்து எழுதியதில் பலகை வெளுத்துப்போனது. முதல் வருடத் தாவரவியல் பிள்ளைகள் ஒருநாள் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து, தேய்மானக் கணக்கை ஒரு மணி நேரம் பயபக்தியாகக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் செல்விதான், "காலைல ஆறரைக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லல்லா" என்றாள். கடிகாரம் மெயின்லேண்டுடையது என்றாலும் சூரியன் எங்களுடையது. ஐந்து மணிக்கே விடிந்துவிடும். ஆறரைக்குத் துணி காயப் போடலாம். ஸ்டாட்ஸ் சாரிடம் போனோம். டிக்லிபூர் பக்கத்து வங்காளிக் குடும்பம், மனைவி தமிழ்க்காரர். "ஏக் லட்கி கே லியே கிளாஸ்? நை ஹோகா" என்றார். ஒரே ஒரு பெண்ணுக்காக எடுக்க மாட்டாராம், காலி பெஞ்சுகளைப் பார்த்தால் பேச்சு வராதாம். பத்துப் பேராவது வேண்டுமாம். "பத்துதானே சார்" என்றான் ஜமால்.

அப்படித்தான் போன வருடமே தேறிவிட்ட பாடத்தைக் கேட்க நாங்கள் பத்துப் பேர் விடிந்ததும் கிளம்பிப் போனோம். நான் அதை முழுக்க மனப்பாடம் செய்து தேறியவள். சராசரி என்றால் என்ன என்பது எனக்கு அந்த ஆறரை மணி வகுப்பில்தான் முதன்முதலாகப் புரிந்தது. வழியில் சூடாக சமோசா, பின்வரிசையில் ஜமாலின் குறட்டை என்று அப்படி ஒரு குஷி. ஆனால் பிரின்ஸிபால் அசைந்து கொடுக்கவில்லை. "புதன்கிழமை யுனிவர்சிட்டிக்குப் பரீட்சை எழுதுறவங்க பேர்களை அனுப்பணும். அன்னிக்குக் காலையில நானே வந்து பார்க்கிறேன். கிளாஸ் நடந்தா ஏழாவது பேப்பர் உண்டு. நடக்கலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

கப்பல் பட்டியலைப் பார்த்தேன். சென்னைக் கப்பல் திங்களன்று. புதனுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று பலகையில் பூ எல்லாம் போட்டு எழுதினேன். கப்பல் சொன்ன நாளில் வந்து சேரும் என்று நம்பினேன், இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த நான்.

புதன்கிழமை விடிகாலையில் சங்கு ஊதியது. வகுப்பறைக்குப் போனால் சார் இல்லை. பிரசவத்துக்குச் சென்னை போயிருந்த அவர் மனைவி, அவர் இன்னும் கண்ணால் பார்க்காத குழந்தையோடு அதே கப்பலில் வருகிறார். ஜமால் எங்கிருந்தோ ஒரு காய்கறி வண்டியைப் பிடித்தான். பதினொரு பேரும் அதில் தொற்றிக்கொண்டு ஹேடோவுக்குப் போனோம்.

கேட்டுக்கு வெளியே இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார் சார். "ஆஜ்? மேரா பச்சா ஆ ரஹா ஹை" என்றார். பிள்ளை வருகிற நாளில் பாடமா என்று கேட்டவரை என்ன சொல்லி இழுப்பது? செல்வி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். சார் கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கப்பல் கரை அணைய இன்னும் நேரம் இருந்தது. "பைட்டோ" என்றார். உட்கார்ந்தோம்.

மூட்டைக்குக் குறி போடுகிற லோடுமேனிடம் சாக்பீஸ் வாங்கி, காலி அட்டைப்பெட்டியில் எழுத ஆரம்பித்தார். கப்பல் எவ்வளவு நாள் தாமதமாக வருகிறது என்பதையே கணக்காக்கினார். சுற்றி நின்ற லோடுமேன்கள் எண்களை எடுத்துக் கொடுத்தார்கள். "அந்த ட்ரிப் நாலு நாள் லேட்டு சார், அதையும் போடுங்க" என்று ஒருவர் மூட்டையோடு நின்று திருத்தினார். நாங்கள் சிரித்துப் புரண்டுகொண்டிருந்தபோது ஜமால் என் காலை மிதித்தான். திரும்பிப் பார்த்தேன். வேட்டியும் கையில் இரண்டு காலிச் சாக்குப்பையுமாகப் பிரின்ஸிபால்.

கல்லூரியில் எங்களைச் சோதிக்க வேண்டியவர், ஊரில் இருந்து தன் தம்பி அனுப்பிய காய்கறியை வாங்க வந்திருந்தார். பைகளை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கிளாஸா நடக்குது?" என்றார். "ஜி சார்" என்றார் ஸ்டாட்ஸ் சார். பிரின்ஸிபால் ஒரு பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். எழுந்தபோது என்னிடம், "பேரை அனுப்பிடறேன். ரூம் நம்பர்ல மட்டும் ஜெட்டின்னு எழுதி வச்சுடாதே" என்றார். செல்வி அப்போதுதான் அழுதாள். கப்பல் அணைந்தது. சார் சாக்பீஸ் கையோடு குழந்தையை வாங்கினார், அதன் கன்னமெல்லாம் வெள்ளை. தஞ்சாவூர் மூட்டையைப் பிரித்து ஆளுக்கு ஒரு பிடி கறிவேப்பிலை கொடுத்தார் பிரின்ஸிபால். அந்த வாசனையோடு ஊர்வலம் மாதிரி கல்லூரிக்கு நடந்தோம்.

செல்வி தேறினாள். இன்று மதி படிக்கிற அதே கல்லூரியில் காமர்ஸ் எடுக்கிறாள், டைம்டேபிள் கமிட்டியிலும் இருக்கிறாள். அப்பளத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன். முதலில் நிறையச் சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "அது மெசினு ஏட்டி. லிமிட்டை நான் தொடக்கூட முடியாது" என்றாள். அதோடு விடாமல், "அவளைச் சும்மா கிளாஸ்ல வந்து உக்காரச் சொல்லு. அந்தப் பாடம் எடுக்குற மேடத்துகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

கரும்பலகை போய்விட்டது. சங்கு ஊதினால் இப்போது யாரும் புத்தகத்தை மூடுவதில்லை. ஆனாலும் இது ஒன்று மிஞ்சியிருக்கிறதே என்று துள்ளிக்கொண்டு வந்து மதியிடம் சொன்னேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"கிரெடிட் வராது, அட்டெண்டன்ஸும் வராது. அப்புறம் எதுக்கு சித்தி போய் உக்காரணும்?"

பாதியில் விட்ட அப்பளத்துக்குத் திரும்பினேன். அந்தக் கேள்வியை எங்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட அன்று கேட்கவில்லை. குறட்டை விட்ட ஜமால்கூட.