தோளில் இருந்த கை

காடாம்புலியூர் ரோட்டோரத்தில் வாங்கிய முந்திரிப் பொட்டலம் அது. மிளகாய்த்தூள் போட்டு வறுத்தது. வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே தின்றுகொண்டிருந்தேன். பொட்டலம் கட்டியிருந்தது வழவழப்பான தாளில். பருப்பு குறையக் குறைய உள்ளே படம் தெரிந்தது. முதலில் ஒரு வேன் சக்கரம். பிறகு அகலமான பேன்ட் போட்ட கால். இன்னும் இரண்டு பருப்பை எடுத்தேன். நீள முடி வைத்த ஒருத்தன் முகம். அந்த முகம் எனக்குத் தெரியும். மிச்சப் பருப்பைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டுத் தாளைத் தொடையில் வைத்து நீவினேன். வேன் முன்னால் நாலு பேர். நாலு பேரையும் தெரியும். ஐந்தாவதாக ஒருத்தன் ஓரத்தில் நின்றான். அவனை நான் பார்த்ததே இல்லை. அவன் கை நீள முடி வைத்த அந்தப் பாட்டுக்காரன் தோளில் இருந்தது. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன், அதுவேறு எரிந்தது. எரிந்த கண்ணோடு மறுபடி எண்ணினேன். ஐந்து பேர்தான்.

ஸ்டோர்ஸ் மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நான் நெய்வேலி மைன்ஸில் பெல்ட் ஜாயிண்ட் போடுகிறவன். மண்ணையும் நிலக்கரியையும் இழுத்துக்கொண்டு போகிற ரப்பர் பெல்ட் அறுந்தால் ஒட்டுவோம். எட்டாவதோடு படிப்பு நின்றது. பேச்சும் எனக்கு அவ்வளவுதான் வரும். ஒட்டுவதற்கு வேண்டிய சொல்யூஷன், துணி, பிரஷ் எல்லாவற்றையும் ஸ்டோர்ஸில் சீட்டுக் கொடுத்து வாங்க வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேடம் இருப்பார். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா இங்கே வேலைக்கு வந்தவர், மேடம் பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். ஒரு நாள் அவர் மேஜையில் ஒரே மாதிரி இரண்டு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அட்டையின் நிறம் மட்டும் வேறு. சொல்யூஷன் டின் வருகிறவரை சும்மா நிற்பானேன் என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதான மேடம்?”

“உங்க பெல்ட் எல்லாம் ஒண்ணுதானா?”

“அதெப்படிங்க. ஒவ்வொண்ணும் ஒரு லாட்டு.”

“இதுவும் அப்படித்தான், பெல்ட்டுக்காரரே.”

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர்.

அது வெளிநாட்டு ராக் பாட்டுக் குழு ஒன்றின் கதை. மேடத்துக்கு அந்தப் பாட்டு, பள்ளிக்கூட நாளில் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியாகக் கேட்டுப் பிடித்துப்போனதாம். புத்தகம் நன்றாக விற்றிருக்கிறது. மறுபடி மறுபடி அச்சடித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். மேடம் அந்த ஒரே புத்தகத்தை எல்லாப் பதிப்பிலும் சேர்த்தார். அப்போது ஏழு வைத்திருந்தார். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ரேக்கில் ஓர் அட்டை தொங்கும். எப்போது வந்தது, யார் கொடுத்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதே மாதிரி அட்டையை மேடம் சொந்தமாக வெட்டி ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பதிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அடிக்குச்சியை வரிக்கு வரி நகர்த்துவார். ஒரு வரி வித்தியாசம் அகப்பட்டால் முகமே மாறிவிடும். லாட்டரி விழுந்தவர் மாதிரி ஜன்னலைத் தட்டிக் கூப்பிடுவார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் போய்ப் பார்ப்பேன். அந்தச் சந்தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு படத்தை மட்டும் எனக்குத் தனியாகக் காட்டினார். வேன், நாலு பேர். ஏழு புத்தகத்திலும் அதே படம். பாட்டுக்காரன் தோளில் ஒரு கை இருந்தது. ஆனால் கைக்கு ஆள் இல்லை. மணிக்கட்டோடு படம் வெட்டப்பட்டிருந்தது. “யாரு கைங்க மேடம்?” என்றேன். “அதுதாங்க கேள்வி,” என்றார். குழுவில் முதலில் டிரம்ஸ் வாசித்தவன் ஒருத்தன் இருந்தானாம். இரண்டாம் பதிப்பில் அவனுக்கு ஒரு பத்தி. நாலாவதில் ஒரு வரி. ஏழாவதில் அந்த வரியும் இல்லை. முதல் பதிப்பில் அவனைப் பற்றி ஓர் அத்தியாயமே இருந்திருக்க வேண்டும் என்று மேடம் நினைத்தார். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டதாக எழுதினவரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. அந்த முதல் பதிப்பு மேடத்துக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. சென்னைக்கு எழுதிப் பார்த்தார், பெங்களூருக்கு எழுதிப் பார்த்தார். “ஒரு ஆளை இப்படியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளுவாங்க? அவன் என்ன பண்ணான்னு தெரியணும்,” என்பார். ஒரு நாள் அந்தக் குழுவின் முதல் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினார். அதில் வாசித்தது அவன்தானாம். எனக்குப் பாட்டு புரியவில்லை. அந்த அடி புரிந்தது. ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றும் ரோலர் மேல் ஏறி இறங்கும்போது ஒரு சத்தம் வரும். அதே சத்தம், அதே இடைவெளி. “இவரு நல்ல ஆளுங்க மேடம்,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

அந்த ஆள்தான் இப்போது என் தொடையில் மிளகாய்த்தூளோடு இருந்தான். வண்டியைத் திருப்பினேன். கடைக்கார அம்மா பெரிய வாணலியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காரில் வந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

“யக்கா, இந்தத் தாளு எந்தப் புத்தகம்?”

“ஏன், பருப்பு நல்லால்லயா?”

“பருப்ப வுடுங்க. புத்தகம் எங்க?”

“பருப்பத் தின்னுட்டுத் தாளத் தேடிக்கினு வந்த ஆளு நீதான்யா,” என்று சொல்லிக்கொண்டே முட்டிக்கு அடியிலிருந்து அதை எடுத்தார். அட்டை இரண்டாகக் கிழிந்திருந்தது. முதுகு உடைந்து உள்தாள் எல்லாம் ஆடியது. நான் பார்க்கப் பார்க்கவே கார்க்காரருக்காக இன்னொரு தாளைப் பிடித்தார். அந்த அம்மா கையைப் பிடித்துவிட்டேன்.

“கிழிக்காதீங்க!”

“யோவ், கைய வுடு. சனம் பாக்குது.”

காரில் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. வழவழ தாளில் எண்ணெய் ஊறாது, அதனால்தான் படத்தாளை முதலில் கிழித்தேன் என்று அந்த அம்மா சொன்னார். மந்தாரக்குப்பம் பழைய பேப்பர் கடையில் மூட்டையாக வாங்கியதாம். மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் யாராவது விட்டுப்போனதாக இருக்கும். அதாவது, மேடம் ஊர் ஊராக எழுதித் தேடிய புத்தகம் இத்தனை காலம் நெய்வேலியிலேயே இருந்திருக்கிறது. “எனக்கும் தாளு வோணும். நீ எடுத்துக்கினு போய்ட்டா நான் எதுல கட்டுறது?” என்றார் அந்த அம்மா. எதிர் டீக்கடைக்கு ஓடினேன். சுவரில் நகைக்கடைக் காலண்டர் தொங்கியது. நல்ல வழவழப்பு. பக்கத்தில் போன வருஷத்ததும், அதற்கு முந்தினதும் ஆணியில் இருந்தன. டீக்கடைக்காரர் ஒன்றும் புரியாமலே மூன்றையும் கழற்றிக் கொடுத்தார். அந்த அம்மா விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது அத வுட நல்லாருக்கே. நாளைக்கும் வாய்யா,” என்றார்.

ரோட்டிலேயே குந்திப் பிரித்தேன். கடைசிப் பக்கங்கள் போயிருந்தன. படத்தாளில் பாதி போயிருந்தது. எனக்கு எண் தெரியும். ஒன்று இருந்தது. இரண்டு இருந்தது. மூன்று என்று போட்டிருந்த பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். மூன்று முடிந்து நாலு தொடங்குகிற இடம்வரை ஒரு பக்கமும் போகவில்லை. நெய்வேலி வரை வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். புத்தகம் தாள் தாளாக ஆடியது. இப்படியே கொடுத்தால் மேடம் கையில் உதிர்ந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் எங்கள் ஷெட்டில் வைத்து, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பெல்ட்டில் சொல்யூஷன் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். புத்தகத்தின் முதுகைத் தேய்த்தேன். மூன்று கோட் சொல்யூஷன். புறங்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் பெல்ட் துணியைக் கிழித்து வைத்து, இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு நாள் அழுத்தினேன். பொட்டலத் தாளையும் அதன் இடத்திலேயே சேர்த்து ஒட்டினேன். கூட வேலை செய்கிறவர் எட்டிப் பார்த்து, “என்னாய்யா, புத்தகத்துக்கு ஜாயிண்டா? எத்தினி டன்னு இழுக்கும்?” என்றார். எனக்கு அப்போது பெருமைதான்.

ஜன்னலில் நீட்டினேன். மேடம் அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக, சொல்யூஷன் நாற்றத்தோடு, ஓர் எழுத்தும் இல்லாமல் இருந்தது.

“இங்க பேர் இருந்திருக்குமே. எங்க?”

“தேச்சிட்டேங்க. தேய்க்காம ஒட்டாது.”

“ஒட்டச் சொல்லி யார் கேட்டா?”

அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொல்யூஷன் டின்னை வேறொருவர் கொடுத்தார். சேர்க்கிறவர்களுக்குப் பொருள் இருந்தபடியே வேண்டும், கிழிந்திருந்தால் கிழிந்தபடி வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் தேடியதை ஒரே நாளில் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் ஸ்டோர்ஸ் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் மேடமே ஷெட்டுக்கு வந்தார். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். “பெல்ட்டுக்காரரே, அவன் மைன்ஸ்காரன்!” என்றார். எனக்குப் புரியவில்லை. “அந்தக் கை. அவங்க ஊர்ல நிலக்கரிச் சுரங்கம். அங்க ஷிப்ட் வேலை பார்த்தவன். அந்த வேனே அவன் வாங்கினதுதான். முதல் முதலா வெளியூர்ல பெரிய கச்சேரி. அவனுக்கு ஷிப்ட் மாத்திக் கிடைக்கல. வேற ஆளை வச்சு வாசிச்சாங்க. அந்த வேற ஆளு குழுவுலயே நிலைச்சுட்டான்.” ஷெட்டில் இருந்த நாலு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். “ஷிப்ட் மாத்திக் கிடைக்கலயா!” என்று ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. “அப்புறம் அவரு சண்ட போடலயா?” என்றேன். “போடல. வேன் சாவியைக் குடுத்துட்டு, பத்திரமா போயிட்டு வாங்கடான்னானாம். அன்னிக்குக் காலையில எடுத்த படம் அது.”

பிறகு புத்தகத்தை என் முன்னால் விரித்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினார். ஒரு தாளும் அசையவில்லை. “இனிமே பிரியாதுல்ல?” என்றார். “பெல்ட்டே பிரியாதுங்க.” அப்போதுதான் சிரித்தார். அதற்கான அட்டையையும் காட்டினார். தமிழில் எழுதியிருந்ததால் நானே படித்தேன். இடம், காடாம்புலியூர். நிலை, முதுகு பெல்ட் துணி, பிரியாது. கொடுத்தவர் என்ற இடத்தில் இனிஷியலோடு என் பெயர். அப்போது நான் காண்ட்ராக்ட் ஆள். நான் போட்ட ஜாயிண்ட் எதற்கும் என் பெயர் எந்த அட்டையிலும் ஏறியதில்லை. இன்னொரு தடவை படித்துவிட்டுக் கொடுத்தேன்.

மேடம் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாகர்கோவில் போய்விட்டார். புத்தகங்களைத் தனிப் பெட்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். நான்காம் பதிப்பில் மட்டும் அவரிடம் இரண்டு இருந்தது. ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதில் கை மட்டும்தான் இருக்கும். இருந்தால் என்ன, யார் கை என்று எனக்குத் தெரியும். புதுப் பதிப்பு கிடைத்தால் போனில் குரல் அனுப்புவார். இங்கிலீஷில் அனுப்பினால் எனக்குப் படிக்க வராது என்பதற்காக.

போன வாரம் முதல் ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவுகையில் போன் கத்தியது. “பெல்ட்டுக்காரரே, புதுசு வந்தாச்சு! படத்தைப் பாருங்க, சீக்கிரம் பாருங்க!” ஈரக் கையோடு திறந்தேன். வேன், நாலு பேர். தோளில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார்கள். உடனே கூப்பிட்டேன்.

“கையையும் எடுத்துட்டாங்களே மேடம்.”

“அவசரப்படாதீங்க. சட்டையைப் பெரிசு பண்ணுங்க. தோள்ல.”

இரண்டு விரலால் பெரிதாக்கினேன். பாட்டுக்காரன் சட்டையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, துணி அழுந்தி நாலு கோடு. பக்கத்தில் ஒன்று குட்டையாக. விரல் பதிந்த கசங்கல். அதைத் துடைக்க மறந்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மேடம் சிரித்துச் சிரித்து இருமினார்.

“நம்ம முந்திரித் தாளு எப்படிங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“இப்பதான் எடுத்துப் பக்கத்துல வச்சிருக்கேன். மிளகாய் வாசனை போயிடுச்சு. பொட்டல மடிப்பு மட்டும் அப்படியே இருக்கு. சரி, அட்டை எழுதணும். புதுசுக்கு நிலை என்னன்னு போடட்டும்?”

மறுபடி அந்த நாலு கோட்டைப் பார்த்தேன்.

“கை இல்ல, கசங்கல் இருக்குன்னு போடுங்க மேடம்.”