அண்ணன் அனுப்பிய செல்லாத வார்த்தைகள்

என் அண்ணன் ஒரு வாரமாகப் பொய் சொல்லவில்லை. வேறு எந்தத் தங்கைக்கும் இது நல்ல செய்தி. எனக்கு இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுகிறவர்களை, வெளியே நின்று பேச்சுக் கொடுத்தே சிரிக்க வைத்துவிடுவான். அப்படி ஒரு வாய். நான் வேறு ஊரில், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். சுவரில் மாட்டிய ஆங்கில எழுத்துகளைக் காட்டி "இது தெரியுதா, அது தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடை திறந்ததும் ஏழு எழுத்துகளைப் பொறுக்கி அண்ணனுக்கு மெசேஜ் அனுப்புவேன். அதில் ஒன்று கட்டாய எழுத்து. அந்த எழுத்தும் வருகிற மாதிரி, அந்த ஏழுக்குள்ளேயே ஆங்கில வார்த்தை ஒன்றை மாலைக்குள் அவன் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். மறுநாள் அவன் எழுத்து, நான் வார்த்தை. எனக்குக் கல்யாணமாகி வேறு ஊர் வந்த நாளிலிருந்து எங்களுக்குள் இப்படித்தான் ஓடுகிறது.

இதில் அவன் சேர்த்த விதி ஒன்று உண்டு. இல்லாத வார்த்தையையும் அனுப்பலாம். எதிராளி நம்பிவிட்டால் அனுப்பியவருக்கு வெற்றி. "செல்லாது" என்று பிடித்துவிட்டால் உடனே நிஜ வார்த்தையை எடுத்துப் போட வேண்டும். அதனால் உண்மையைக் கையில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் பொய்யைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நிஜ வார்த்தையில் ருசியே கிடையாது. வாயில் நுழையாத ஒன்றை அனுப்பி, "லிஃப்ட் கயித்துல பூசற கிரீஸுக்கு இதான் பேரு, உனக்கெங்க தெரியப் போகுது" என்பான். நேரில் பிடிபட்டால், மேல் மாடியில் ஏதோ லிஃப்ட் நின்றுவிட்ட மாதிரி கூரையை அண்ணாந்து பார்ப்பான். அந்தத் திருட்டு முழியைப் பார்க்கவே நான் சண்டை போடுவேன்.

அப்படிப்பட்டவனிடமிருந்து ஒரு வாரமாக நீள நீளமான, சுத்தமான வார்த்தைகள் வந்தன. எல்லாம் அகராதியில் இருந்தன. கேலி இல்லை, கிரீஸ் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்தார். ஒரு நாள் "குளிக்கிறாரு", இன்னொரு நாள் "வேலையில இருக்காரு, சிக்னல் இல்ல". வேலைக்குப் போகிறவன் போனை வீட்டில் வைத்துவிட்டா போவான்?

ஒரு சோதனை வைத்தேன். எந்த வார்த்தையும் அமையாத ஏழு எழுத்துகளை வேண்டுமென்றே அனுப்பினேன். அண்ணனாக இருந்தால் ஏதாவது ஒன்றை அடித்துவிடுவான், இல்லையென்றால் "எந்தக் குப்பைத்தொட்டியில பொறுக்கினே" என்று என்னை வறுத்தெடுப்பான். பதில் மரியாதையாக வந்தது: "வார்த்தை இல்லை."

எழுதியது என் அண்ணன் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் "கீழ் வரியும் படிக்கணுமா மேடம்" என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் இருக்கிறானா, இல்லையா? இல்லாதவனுடைய போனிலிருந்தா எனக்கு வார்த்தைகள் வந்தன? வழி நெடுக இதே நினைப்பு.

கதவைத் திறந்த அண்ணியின் முகமே பாதியைச் சொல்லிவிட்டது. "உயிரோட இருக்காரும்மா" என்றார் முதலில். பிறகு மீதியைச் சொன்னார். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு அடியோடு போய்விட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொத நாள் உன் பேரை எடுத்ததும் வேணாம்ங்கற மாதிரி கையாட்டினாரு, அப்புறம் அதுவும் இல்ல. பதில் வரலைன்னா நீ கெளம்பி வந்துடுவே. எழுத்தைப் போட்டா வார்த்தை எடுத்துக் குடுக்கற வெப்சைட் ஒண்ணு இருக்காமே, பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டிச்சு. மேல எது வருதோ அதை அப்படியே அனுப்பிட்டேன். அவரு எழுத்து அனுப்பற நாள்ல அந்தப் பொண்ணே ஏழு எழுத்து பொறுக்கிக் குடுத்துச்சு. கடைசியா நீ அனுப்பினதுக்கு அதுல ஒண்ணுமே வரல."

கோபம் தலைக்கேறியது. அண்ணியின் வீங்கிய கண்களைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

அவன் ஜன்னலோரம் மடியில் மெத்தைப் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் எதுவும் அசையவில்லை. "உள்ளே எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாதுங்கறாரு டாக்டர்" என்று அண்ணி காதோரம் சொன்னார். எனக்கு அதுதான் பயம். உடம்பு இங்கே இருக்கிறது, என் அண்ணன் உள்ளே இருக்கிறானா?

நேரில் ஆடும்போது நாங்கள் எடுக்கிற ஆங்கில எழுத்துக் கட்டைப் பெட்டி அலமாரி மேல் இருந்தது, அதை இறக்கினேன். ஒரு தட்டில் ஏழு கட்டைகளை வைத்து அவன் மடியில் வைத்தேன். "க்யூ கட்டாயம்ணா" என்றேன்.

நெடுநேரம் அவன் அசையவில்லை. பிறகு இடது கை வந்து எழுத்துகளைத் தடவித் தடவி நகர்த்தியது. க்யூ, யூ, ஏ, எல், டி. க்வால்ட். அப்படி ஒரு வார்த்தை உலகத்தில் கிடையாது.

அண்ணி என் கையை அழுத்தினார். "சரின்னு சொல்லிடும்மா, பாவம்."

சொல்லியிருக்கலாம். ஆனால் சரியென்று சொல்லிவிட்டால் அவனை நோயாளி என்று நானே தள்ளிவைத்த மாதிரி. செல்லாது என்று சொல்லி, அவன் ஒன்றும் புரியாமல் விழித்தால்? அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

"இது என்ன, லிஃப்ட் சாமானா?" என்றேன். "செல்லாதுண்ணா. எடு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு மெல்ல, மிக மெல்ல, அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

இடது கை தட்டிலிருந்த ஏ எழுத்தை எடுத்து ஓரமாக வைத்தது. போர்வை மடிப்புக்குள் நுழைந்து, அங்கே ஒளித்து வைத்திருந்த ஐ எழுத்தை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்தது. க்வில்ட். அவன் மடியில் கிடந்த போர்வை.

"பாவி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்டா" என்று அழுதேன். அவனுடைய உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது.

"இது செல்லுமா?" என்று அண்ணி பயந்துகொண்டே கேட்டார்.

"செல்லும் அண்ணி" என்றேன்.

அதற்குள் அவன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, பெட்டியில் எனக்கான எழுத்துகளைத் துழாவிக்கொண்டிருந்தான்.