காவல்காரனுக்கு உத்தரவு போட்டது யார்?

மலைக்குக் கீழே காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய திரிங்காப் ஊர் லோரிதான் செய்தியைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய ஓட்டுநர் முத்து, இறங்காமலே சொன்னார்: "டீச்சர், நம்ம பாக்கியம் ஆஸ்பத்திரியில இறந்து போயிட்டாங்க. லைன் வீடுகள்ல சொல்லிடுங்க." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

பாக்கியம் அக்காவை லைன் ஆட்கள் உங்கள் எல்லாருக்கும் தெரியும். கொழுந்து எடுப்பதிலும் கேலி பேசுவதிலும் அவரை முந்த ஆளில்லை. நான் பட்டம் வாங்கி வந்த அன்று லைனே வாசலில் கூடியபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "நம்ம லைனோட மொத பட்டதாரி. பேசத்தான் இன்னும் படிக்கல லா!" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தார்.

அவர் கையில் நீலநீலமாகக் கன்றியபோது நாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நாள் முழுக்கத் தேயிலைச் செடிக்குள் நுழைகிற கை, யாருக்குத்தான் கன்றாது? ஆனால் குழாயடியில் துணி துவைக்கும்போது, செடி படாத தொடையிலும் அதே நீலத்தைப் பார்த்தேன். தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக இருக்கும் டிரஸர், "பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மிதான்" என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். நாம் பீட்ரூட்டும் ஈரலும் கொடுத்தோம். மூன்றாவது புட்டி வாங்கப் போனபோது நான்தான் துணை. 'ஐயா, இவங்க ரத்தத்த டெஸ்டுக்கு அனுப்புங்க.' வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே வாய் வரவில்லை. புட்டியோடு திரும்பினோம்.

ஈறில் கசிந்த ரத்தம் நிற்காமல் போன பிறகுதான் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு மஜ்ஜை வற்றிவிட்டது என்றார்கள். கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளணுக்களே, மஜ்ஜையில் ரத்தம் பிறக்கும் மூல அணுக்களை அழிப்பதுபோல் தெரிகிறது என்று டாக்டர் சொன்னதை அக்காவுக்கு விளக்கினேன்.

"அப்ப காவலுக்கு வச்ச ஆளே நாத்த மிதிக்கிறான்?"

"ஆமாக்கா."

"சும்மா மிதிக்க மாட்டானே. துரை சொல்லாம ஆபீஸ் கிராணி சொல்ல மாட்டாரு, கிராணி சொல்லாம கங்காணி அசைய மாட்டாரு. இவனுக்கு யாரு ஆர்டர் குடுத்தா? போய்க் கேளு, படிச்சவதானே."

போய்க் கேட்டேன். உயிரணுவுக்குள் எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டென்று படித்திருந்தேன். அது எங்கே பிசகியது? டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா."

"தெரியலையாம்க்கா."

"தெரியலையா? அப்ப டானிக்க மட்டும் எப்படி அவ்வளவு தைரியமாக் குடுத்தாங்க?" சிரித்தார், ஈறு மறுபடி கசிந்தது.

முன்பே வந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்குமா என்றும் டாக்டரைக் கேட்டிருந்தேன். "சொல்ல முடியாது" என்றார். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அக்கா கேட்ட கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு விடை வரும்வரை அது என்னோடு இருக்கட்டும். கூடவே, மருந்தகம் வரை சுமந்துபோய்ச் சொல்லாமல் திரும்பிய அந்த ஒரு வாக்கியத்தையும்.